மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை

பலத்த காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் குணசுந்தரியின் கைப்பேசி சும்மா இருக்காது. சுங்கைப் பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும், சில சமயம் பினாங்கிலிருந்தும்கூட யாராவது கூப்பிடுவார்கள்.

"அக்கா, சனிக்கிழமை பிள்ளைங்களோட ஆத்தோரம் கேமா கட்டித் தங்கலாம்னு இருக்கோம். ரிபுட் காத்து அடிச்சிச்சே, அந்த எடம் இப்ப எப்படி இருக்கு?"

கேட்பவர்களில் பாதிப் பேரை அவர் நேரில் பார்த்ததில்லை. யாரோ யாருக்கோ எண்ணைக் கொடுத்திருப்பார்கள். "போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். விடுமுறை நாள் வந்ததும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். கணவர் புவனேசன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். "மழை வரும்போல இருக்கு, பாத்துப் போ" என்பதற்குமேல் அவர் எதுவும் சொல்வதில்லை.

ஐம்பத்தொரு வயது குணசுந்தரிக்கு. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருபத்து நான்கு வருடமாக வேலை. கையுறையில் காற்றை ஊதி, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளிவிடுகிற வேலை. முகாம்தளத்திலும் அவர் அப்படித்தான் பார்ப்பார். முதலில் அண்ணாந்து பார்ப்பார். முறிந்து விழாமல் மேலேயே மாட்டிக்கொண்டு தொங்கும் கொப்புகள் இருக்கும். பிறகு ஒவ்வொரு பெரிய மரத்தையும் சுற்றி வருவார். அடியில் கிடக்கும் சருகுகளை பூட்ஸ் காலால் விலக்கி, மண் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கடைசியாக ஆற்றோரமாகவே மேலே பத்து நிமிடம் நடந்து, விழுந்த மரங்கள் எங்கேயாவது தண்ணீரை மறித்துக்கொண்டு நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவார்.

அன்று மாலையே கேட்டவருக்குக் குரல்பதிவு போகும். "டாய்லெட் பக்கத்துல ரெண்டு மரம் சாஞ்சிருக்கு, அதுக்குக் கீழ கேமா போடாதீங்க. மேல ஆத்துல ஒரு பெரிய மரம் குறுக்க கெடக்கு. அது நகந்துச்சுன்னா தண்ணி மொத்தமா வரும். பாலம் நல்லாதான் இருக்கு."

சிலருக்கு எரிச்சல் வரும். "சுருக்கமா சொல்லுங்கக்கா. போகலாமா, வேணாமா?"

"நான் பாத்தத சொல்லிட்டேன். நீங்க யோசிச்சுக்குங்க."

'போகலாம்' என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வராது. ஆறு வருடமாக வந்ததில்லை.

*

குணசுந்தரிக்குப் பிள்ளை இல்லை. ஆனால் எட்டு வருடம் அவர் ஒரு பிள்ளையை வளர்த்தார். தங்கை ஷீலாவின் மூத்த மகள் ரூபினி.

ஷீலாவும் அவள் கணவர் லோகேஸ்வரனும் அப்போது பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலையில் இருந்தார்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. இரண்டு பிள்ளைகளையும் வைத்துச் சமாளிக்க முடியவில்லை. சின்னவள் யாஷ்வினி கைக்குழந்தையாக இருந்ததில் தொடங்கி ஒரு பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டார். மூத்தவளுக்குத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு தொடங்கியபோது, "கொஞ்ச நாளைக்கு உன்கிட்ட இருக்கட்டும்க்கா" என்று ஷீலா கொண்டுவந்து விட்டாள். கொஞ்ச நாள் என்றது எட்டு வருடமாயிற்று. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் வருவார்கள். மற்ற நாளெல்லாம் ரூபினிக்குப் பெரியம்மாதான். இரட்டைச் சடை பின்னியதும், கணக்கு வாத்தியாரைப் போய்ப் பார்த்ததும், முதல்முறை தூரமானபோது பக்கத்தில் இருந்ததும் குணசுந்தரிதான்.

தொழிற்சாலையில் அவர் பிரிவுப் பெண்கள் எட்டுக் குடும்பமாக வருடத்துக்கு ஒருமுறை பள்ளி விடுமுறையில் ஆற்றோரம் போய்த் தங்குவார்கள். இடம் பார்ப்பது, யார் அரிசி கொண்டுவருவது, யார் கோழி கொண்டுவருவது என்று பிரித்துக் கொடுப்பது எல்லாம் குணசுந்தரியின் பொறுப்பு. போகும் இடமும் எப்போதும் ஒன்றுதான். சிக் ஊருக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து, டக்ளஸ் என்பவர் நடத்திய முகாம்தளம். தன் தகப்பனாரின் பழைய டுரியான் தோட்டத்தின் ஓரத்தில், ஆறு வளைந்து போகும் இடத்தில், கழிப்பறையும் சமையல் கொட்டகையும் கட்டி வைத்திருந்தார். அவரும் மனைவி ரோசம்மாவும் வருகிறவர்களை உறவுக்காரர்கள் மாதிரி நடத்துவார்கள்.

கோவிட்டுக்கு முந்தின வருடம். அந்த வாரம் வியாழக்கிழமை காற்று அடித்தது. எங்கேயோ பிலிப்பைன்ஸ் பக்கம் வந்த சூறாவளியின் வால் என்று செய்தியில் சொன்னார்கள். புக்கிட் செலம்பாவில் நான்கு வீட்டுத் துத்தநாகத் தகரம் பறந்தது. வாழைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம், உணவு இடைவேளையில் குணசுந்தரி டக்ளஸைக் கூப்பிட்டார்.

"அண்ணே, காத்து அங்கயும் அடிச்சிச்சா? ஆறு எப்படி இருக்கு?"

"நேத்து கலங்கலா போச்சும்மா. இப்ப தெளிஞ்சிருச்சு. பிள்ளைங்களுக்கு முட்டிக்குதான் வரும்."

"பாலம்?"

"பாலம் ஓகேதான்."

"டாய்லெட்ல தண்ணி வருதா? போன தடவ வரல."

"இப்ப வருதும்மா. நீங்க வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு நிமிடம்கூட இருக்காது. அன்று சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று குணசுந்தரி நினைத்தார். மோட்டாரில் நாற்பது நிமிட வழி. ஆனால் நெத்திலி சம்பல் கிளறவேண்டியிருந்தது. ரூபினியின் துணிகளைத் தேய்க்கவேண்டியிருந்தது. அண்ணன்தான் சொல்லிவிட்டாரே என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை ஒரு குறையும் இல்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. காற்று என்பதே இல்லை. ஆற்றோர நாணல்கூட அசையவில்லை. பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள். குணசுந்தரி ஒரு பாறையில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தார். ரூபினி, "பெரியம்மா, குளிருது, சட்டை மாத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மேலே கூடாரத்துக்குப் போனாள். அவளுக்குப் பதினைந்து வயது.

கெட்டித் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். கூடாரத்துக்குப் பின்னால் நின்ற கெம்பாஸ் மரம், யாரும் தொடாமல், மெதுவாகச் சாய்ந்து வந்தது. முதலில் அது விழுகிறது என்றே குணசுந்தரிக்குப் புரியவில்லை. கையில் இருந்த சட்டி தண்ணீரோடு போனது. அவர் எழுந்து நின்று வாயைத் திறந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

தீயணைப்புப் படையான பொம்பாக்காரர்கள் வந்து இயந்திர ரம்பத்தால் மரத்தை அறுத்துத்தான் பிள்ளையை எடுக்கவேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் அவர்களில் ஒரு மலாய்க்காரர், மரத்தின் வேர் பெயர்ந்திருந்த இடத்துக்குக் குணசுந்தரியைக் கூட்டிப்போனார். பக்கத்தில் அதே வரிசையில் நின்ற இன்னொரு மரத்தின் அடியில் சருகுகளைக் காலால் தள்ளினார். மண்ணில் அரைவட்டமாக ஒரு வெடிப்பு. மூன்று விரல் நுழையும் அகலம். காற்று வந்த பக்கம் வேர் தூக்கிக்கொண்டால் இப்படித்தான் வெடிக்கும், மரம் அன்றைக்கே விழாது, இரண்டு மூன்று நாள் கழித்து அதன் பாட்டுக்கு விழும் என்று மலாயில் சொன்னார். குறை சொல்லும் குரல் இல்லை அது. தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொன்னார்.

குணசுந்தரி அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்கப் போயிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால்கூடத் தெரிந்திருக்கலாம்.

போலீஸ்காரர் வாக்குமூலம் எழுதியபோது, "புறப்படுமுன் இடத்தைப் பற்றி விசாரித்தீர்களா?" என்று கேட்டார்.

"போன் பண்ணிக் கேட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாரு" என்றார் குணசுந்தரி.

ஆறு சரியாக இருந்தது, பாலம் சரியாக இருந்தது, தண்ணீர் வந்தது. இந்த மூன்றையும்தான் அவர் கேட்டார். 'எல்லாம்' என்று அவர் கேட்கவும் இல்லை, டக்ளஸ் சொல்லவும் இல்லை. அந்த ஒரு சொல் அவர் வாயில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஷீலா டக்ளஸின் சட்டையைப் பிடித்தாள். ரோசம்மா அருகில் நின்று ஜெபமாலையைக் கையில் முறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னியாமே. பாக்காமலே சொன்னியா? நீ கொலைகாரன். என் புள்ளைய நீதான் கொன்ன."

டக்ளஸ் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். ஒரே ஒருமுறை நிமிர்ந்து, ஷீலாவின் தோளுக்கு மேலாகக் குணசுந்தரியைப் பார்த்தார். குணசுந்தரி தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம்மா, வாங்கன்னு நான்தான் சொன்னேன்" என்று மட்டும் டக்ளஸ் சொன்னார்.

*

காரியம் முடிந்து ஷீலா பினாங்குக்குப் போனாள். போகுமுன் ரூபினியின் பள்ளிப் பையையும் துணிகளையும் வந்து எடுத்துக்கொண்டாள். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் கோவிட் வந்தது. சாலைகளை மூடினார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு எல்லோருக்கும் காரணம் கிடைத்த காலம் அது. தடைகளை நீக்கியபோது ஷீலாவும் லோகேஸ்வரனும் ஜித்ராவுக்குக் குடிபோய், அங்கே ஒரு தையல் கடை தொடங்கியிருந்தார்கள் என்று யாரோ சொல்லித்தான் குணசுந்தரிக்குத் தெரிந்தது.

டக்ளஸின் முகாம்தளத்தை அதிகாரிகள் மூடிவிட்டார்கள். அவர் ரோசம்மாவின் ஊரான பண்டார் பாருவுக்குப் போய், ஒரு கிடங்கில் காவலாளி வேலைக்குச் சேர்ந்தார்.

முதலில் குணசுந்தரி அந்த மரம் விழுந்த இடத்துக்கு மட்டும்தான் போய் வந்தார். பூட்டிய கேட்டுக்கு வெளியே மோட்டாரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். ஒருநாள் திரும்பி வரும் வழியில், வேறொரு முகாம்தளத்தில், முந்தின நாள் மழையில் நனைந்த ஒரு பெரிய மரத்தடியில் ஒரு குடும்பம் கூடாரம் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். சருகுகளை விலக்கினார். வெடிப்பு இல்லை. ஆனாலும் அவர்களை வேறு இடத்துக்கு மாறச் சொன்னார். ஏதோ பைத்தியம் என்பதுபோல அந்த வீட்டு ஆண் அவரைப் பார்த்தார். அவர் மனைவிதான், "எதுக்கும் மாறிக்குவோம்லா" என்றாள். அந்தப் பெண்தான் பிறகு அவருடைய எண்ணை முதன்முதலாக இன்னொருவருக்குக் கொடுத்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குணசுந்தரி பண்டார் பாருவுக்குப் பேருந்தில் போனார். டக்ளஸ் வீட்டில்தான் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ரோசம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அண்ணே, நான் அன்னைக்குப் போலீஸ்ல ஒரு வார்த்தை கூடுதலாச் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"நான் தண்ணியப் பத்திதான் கேட்டேன். மரத்தைப் பத்தி நான் கேக்கல."

டக்ளஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "கேட்டிருந்தாலும் நான் ஓகேன்னுதான் சொல்லியிருப்பேன்மா. நான் மட்டும் போய்ப் பாத்தேனா? ஆத்தைப் பாத்தேன், வந்துட்டேன்."

பிறகு கேட்டார்: "உங்க தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லண்ணே."

டக்ளஸ் அவர் பக்கம் கோப்பையை நகர்த்தினார். தேநீர் ஆறிப்போகிறது, குடியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

*

போன மார்ச் மாதம் பாலிங் பக்கம் ரிபுட் அடித்த மூன்றாம் நாள், குணசுந்தரி வேலை முடிந்து பூட்டுப் பெட்டியைத் திறந்தபோது, கைப்பேசியில் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டார்.

"அக்கா" என்றது குரல்.

குணசுந்தரி பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார். ஆறு வருடத்தில் அந்தக் குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

"ஷீலாவா?"

"ம். நீ கேம்ப் சைட் எல்லாம் போய்ப் பாத்துச் சொல்றியாமே. இங்க கடைக்கு வர்ற ஒருத்தங்க சொன்னாங்க. நீதான்னு அவங்களுக்குத் தெரியாது." பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. "யாஷ்வினி காலேஜ்ல சனிக்கிழமை பாலிங்குக்குப் போறாங்களாம். ஆத்தோரம் ஒரு ராத்திரி. நான் வேணாம்னுதான் சொன்னேன். அவ கேக்க மாட்டேங்குறா. எத்தன வருஷத்துக்கும்மா என்னைய வீட்டுலயே வச்சிருப்பீங்கன்னு அழுவுறா."

"எந்த எடம்னு சொல்லு. நாளைக்கே போய்ப் பாத்துட்டு வரேன்."

"நானும் வரேன்" என்றாள் ஷீலா.

மறுநாள் வியாழக்கிழமை குணசுந்தரி விடுப்பு எடுத்துக்கொண்டார். அவர் போய்ச் சேர்ந்தபோது ஷீலாவின் மைவி கார் முகாம்தள வாசலில் நின்றிருந்தது. ஷீலா வெளியே சாய்ந்து நின்றாள். மெலிந்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாப்டியா?" என்று கேட்டார் குணசுந்தரி. "ம்" என்றாள் ஷீலா. அவ்வளவுதான்.

முகாம்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் மலாய் இளைஞர் முன்னால் வந்து, எல்லாம் சுத்தம் செய்தாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். குணசுந்தரி அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு மரமாகப் போனார். ஷீலா இரண்டடி பின்னாலேயே வந்தாள். ஐந்தாவது மரமோ ஆறாவது மரமோ, ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் நின்றது. குணசுந்தரியின் பூட்ஸ் சருகைத் தள்ளியபோது மண்ணில் கோடு தெரிந்தது. அவர் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். முதல் கணு வரை போனது.

"இதுதானா?" என்றாள் ஷீலா.

"ம்."

ஷீலாவும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தானும் விரலை விட்டுப் பார்த்தாள். எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். அவள் முதுகு குலுங்கியது. குணசுந்தரி அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார்; தொடாமல் மடக்கிக்கொண்டார்.

காட்டியவுடன் அந்த இளைஞரின் முகம் மாறிவிட்டது. உடனே போய் நைலான் கயிறு எடுத்துவந்து அந்த மரத்தையும், அது விழுந்தால் எட்டக்கூடிய இடத்தையும் கட்டி மறித்தார். வெட்ட ஆள் கூப்பிடுவதாகச் சொன்னார். குணசுந்தரி ஆற்றின் மேற்பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். அடைப்பு எதுவும் இல்லை. மேலே, சமையல் கொட்டகையைத் தாண்டி, மரமே இல்லாத ஒரு சமதரை இருந்தது. முன்பு கால்பந்து ஆடும் திடலாக இருந்ததாம்.

திடலின் ஓரத்தில் கிடந்த சிமெண்டுப் பலகையில் ஷீலா உட்கார்ந்தாள்.

"இந்த ஆளும் எல்லாம் சரின்னுதானே சொன்னான்" என்றாள். "அந்த டக்ளஸ் உன்கிட்ட சொன்ன மாதிரியே. இவனுங்க எல்லாம் ஒரே மாதிரிதான். வாய்க்கு வந்தத சொல்லிருவானுங்க. நம்ம புள்ளைங்கதான் போவும்."

ஆறு வருடமாகச் சொல்லாததைக் குணசுந்தரி அப்போது சொன்னார். உட்காராமல், நின்றபடியே சொன்னார்.

"டக்ளஸ் அண்ணன் எல்லாம் சரின்னு சொல்லல ஷீலா. நான் ஆறு எப்படின்னு கேட்டேன், பாலம் எப்படின்னு கேட்டேன், டாய்லெட்ல தண்ணி வருதான்னு கேட்டேன். அதுக்குத்தான் அவரு பதில் சொன்னாரு. மரத்தைப் பத்தி நான் கேக்கவே இல்ல. போலீஸ்கிட்ட நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். அவரு அதைக் கேட்டுக்கிட்டும் பேசாம இருந்தாரு."

ஷீலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்தின நாள் போய்ப் பாக்கவும் நேரம் இருந்திச்சு. நான் போகல."

ஷீலா பேசினாள். குரல் உயரவில்லை. "நான் உன்கிட்ட பேசாம இருந்தது உன் மேல கோவத்துலன்னு நெனச்சியா? இல்லக்கா. உன்னைப் பாத்தா, என் புள்ளைய எட்டு வருஷம் நான் வளக்கலன்னுதான் ஞாபகம் வரும். கடைசி நாள் அவ என்ன சட்டை போட்டிருந்தான்னுகூட உன்கிட்டதான் கேக்கணும். அதத் தாங்க முடியாமத்தான் வரல." அவள் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா அந்த மனுசனை நான் கொலைகாரன்னு சொன்னேன். அவர் பொண்டாட்டி அழுதுக்கிட்டு நிக்கறப்ப, அத்தன பேருக்கு முன்னால சட்டையப் புடிச்சேன். நீ அங்கதானே நின்ன."

"நின்னேன்."

"என்னை அப்படிச் சொல்ல விட்டுட்டியே."

ஷீலா எழுந்து, சேலையில் ஒட்டிய புல்லைக்கூடத் தட்டாமல், காருக்கு நடந்தாள். கார் போன பிறகும் குணசுந்தரி அந்தத் திடலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னொரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"பெரியம்மா, நான் யாஷ்வினி பேசுறேன். அம்மா நேத்து வந்ததுலேர்ந்து ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. பெரியம்மாவ கேட்டுக்கன்னு சொல்லிட்டாங்க. நான் போகலாமா?"

கடைசியாக அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அக்காவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில், யாரோ கையில் கொடுத்த ரொட்டியைத் தின்னத் தெரியாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பார்த்ததைச் சொல்லி, நீயே யோசித்துக்கொள் என்று சொல்லத்தான் குணசுந்தரி வாயெடுத்தார். பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"கொட்டகைக்குப் பின்னால ஒரு திடல் இருக்கு. கேமாவ அங்க போடு. உன் கூட்டாளிங்க எல்லாரையும் அங்கயே போடச் சொல்லு. கயிறு கட்டுன பக்கம் யாரும் போகக்கூடாது. ஆத்துத் தண்ணி கலங்குனா, எல மெதந்து வந்தா, ஒடனே மேல ஏறிரணும். சட்டை மாத்தவோ எதையும் எடுக்கவோ நிக்கக்கூடாது." மூச்சு வாங்கியது அவருக்கு. "போய்ட்டு வா."

சனிக்கிழமை விடிந்ததும் குணசுந்தரி மீண்டும் பாலிங்குக்குப் போனார். அந்த மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஆனாலும் மற்ற மரங்களை ஒருமுறை சுற்றி வந்தார். மாணவர்கள் வருவதற்குமுன் கிளம்பிவிட்டார். வழியில், ஒரு வளைவில், கல்லூரிப் பேருந்து எதிரே வந்தது. மோட்டாரை ஓரமாக நிறுத்தினார். சன்னல்களில் வரிசையாக இளம் முகங்கள். சிலர் பாடிக்கொண்டு போனார்கள். அதில் எது யாஷ்வினி என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்றும் மறுநாளும் அவர் சாப்பிட்டதைப் புவனேசன் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு ஷீலாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "வந்துட்டா." அவ்வளவுதான். குணசுந்தரி அதைக் கணவரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "சரி, இப்பயாவது சாப்பிடு" என்றார்.

*

அதற்குப் பிறகு ஷீலா கூப்பிடவில்லை. குணசுந்தரி கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை. ஜூன் மாதக் கடைசியில் டக்ளஸ் அழைத்தார்.

"உங்க தங்கச்சி வந்திருந்தாங்கம்மா. வீட்டுக்காரரும் வந்திருந்தாரு. எங்கிட்ட ஒண்ணும் பேசல. ரோசம்மாகிட்டதான் போனாங்க. கையப் புடிச்சிக்கிட்டு மன்னிச்சிருங்கன்னு சொன்னாங்க. ரெண்டு பேரும் சமையக்கட்டுல உக்காந்து அழுதாங்க." பிறகு கேட்டார்: "உங்ககிட்ட பேசுறாங்களா?"

"இல்லண்ணே."

"பேசுவாங்க. நேரம் ஆகும்."

ஆகும் என்றுதான் குணசுந்தரியும் நினைத்தார். ஆகாமலும் போகலாம் என்று நினைத்தார். ஷீலாவிடம் உண்மையைச் சொன்னது தப்பு என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. 'எல்லாம்' என்ற அந்தச் சொல்லை ஆறு வருடம் டக்ளஸ் சுமந்தார். இனி தானே சுமந்தால் போதும்.

ஆகஸ்டில் ரூபினியின் திவசம். எப்போதும்போல ஷீலா ஜித்ராவில் தனியாகப் படைத்தாள். குணசுந்தரி புக்கிட் செலம்பாவில் தனியாகப் படைத்தார். படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றிவிட்டு அவர் எழுந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. யாஷ்வினி மட்டும் இறங்கினாள். அம்மாவுக்குத் தெரியுமா என்று குணசுந்தரி கேட்கவில்லை. அவளாகவே, "அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

இலை போட்டுப் பரிமாறினார். பிள்ளை குனிந்தபடியே சாப்பிட்டாள். அவ்வப்போது நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள்.

"பெரியம்மா" என்றாள். "அக்கா கொரல் எப்படி இருக்கும்? மூஞ்சி எல்லாம் ஞாபகம் இருக்கு. கொரல் மட்டும் மறந்துபோச்சு. அம்மாகிட்ட கேக்க முடியல."

குணசுந்தரி கையில் சாதக் கரண்டியோடு நின்றார். கொஞ்சம் கரகரப்பாக இருக்கும் என்று சொல்லத் தொடங்கினார். காலையில் எழுந்தவுடன் ஆம்பளைப் பிள்ளை மாதிரி இருக்கும், பாட்டுப் பாடினால் அப்படி இருக்காது, கோபம் வந்தால் கடைசி எழுத்தை இழுப்பாள் என்று சொன்னார். சொல்லச் சொல்ல, அது எதுவும் அந்தக் குரல் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. யாஷ்வினி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். குணசுந்தரி கரண்டியை வைத்துவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, இன்னொரு முறை, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.